5000 மீட்டர் ஓடுபவருக்கு எந்த இன்டர்வெல் சரி?

மாவட்ட விளையாட்டரங்கம் எதற்காவது மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். 400 மீட்டர் வேகமாக ஒரு சுற்று, அப்புறம் இடுப்பில் கைவைத்து இரண்டு மூன்று நிமிடம் நின்று மூச்சு வாங்குவது, மறுபடி 400. 800 மீட்டர் ஓடுபவரும் இதைத்தான் செய்கிறார், 10,000 மீட்டர் ஓடுபவரும் இதைத்தான் செய்கிறார். ஓரத்தில் கபடிக்குத் தயாராகும் பையன்களுக்கும் அதே 400 தான். வேகமாக ஓடி, இடைவெளி விட்டு, மறுபடி ஓடும் இந்த இன்டர்வெல் பயிற்சி என்றாலே 400 என்று ஆகிவிட்டது.

இந்தப் பழக்கத்தால் பல நல்ல ஓட்டக்காரர்கள் ஓடி முடிக்கும் நேரம் முன்னேறாமல் ஆண்டுக்கணக்கில் நின்றுபோகிறார்கள் என்று உறுதியாக நம்புகிறேன். உழைப்பு குறைவு என்று அவர்களைச் சொல்லவே முடியாது. வாந்தி வரும் வரை ஓடுகிறார்கள். ஆனால் இன்டர்வெல்லில் வகைகள் உண்டு, ஒவ்வொரு வகையும் உடலில் ஒவ்வொன்றை வளர்க்கிறது. போட்டியில் எது உங்களைத் தடுக்கிறதோ அதை வளர்க்கிற வகையைத்தான் எடுக்க வேண்டும்.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். 5000 மீட்டரை 16 நிமிடம் 40 நொடியில் ஓடும் ஒரு கல்லூரி மாணவர். கிலோமீட்டருக்கு 3:20, ஒரு சுற்றுக்கு 80 நொடி. பத்து வாரத்தில் போட்டி. 16:15 ஓட வேண்டும், அதாவது சுற்றுக்கு 78 நொடி. வாரத்தில் இரண்டு நாள்தான் கடினமான பயிற்சிக்கு உடம்பு இடம் கொடுக்கும், மற்ற நாள்கள் நிதான ஓட்டம். அந்த இரண்டு நாளில் என்ன செய்வது?

கையில் இருக்கும் வழிகள் இவை: மூன்று முதல் ஐந்து நிமிடம் வரை போகும் நீண்ட இன்டர்வெல், 30 நொடி வேகம், 15 நொடி மெதுவாக என்று போகும் குட்டி இன்டர்வெல், முழு வேகத்தில் ஸ்பிரிண்ட், த்ரெஷோல்ட் வேகத்தில் (ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வேகம்) நீளமான துண்டுகள், கடைசியாக, இன்டர்வெல்லே வேண்டாம், தூரத்தைக் கூட்டிக்கொண்டே போவது.

5000 மீட்டருக்குத் தேவைப்படும் சக்தியில் 90 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜனைக் கொண்டுதான் உருவாகிறது. ஆகவே மூன்று விஷயங்கள் அந்த ஓட்டத்தைத் தீர்மானிக்கின்றன. ஒன்று, உடல் ஒரு நிமிடத்தில் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துப் பயன்படுத்த முடியும் என்ற உச்சவரம்பு. விளையாட்டு அறிவியலில் வி.ஓ.2 மேக்ஸ் என்பது இதைத்தான். இரண்டாவது, அந்த உச்சத்தில் எத்தனை சதவீதத்தை நீண்ட நேரம் தாங்கிப் பிடிக்க முடியும் என்பது. மூன்றாவது, ஒரே வேகத்தில் ஓட எவ்வளவு ஆக்சிஜன் செலவாகிறது என்ற சிக்கனம். ஒரே வி.ஓ.2 மேக்ஸ் உள்ள இரண்டு பேர் ஓடி முடிக்கும் நேரத்தில் ஒரு நிமிட வித்தியாசம் வருவது பின்னால் சொன்ன இரண்டாலும்தான்.

இன்டர்வெல் தொடங்கிய கதையே இதயத்தைப் பற்றியது. 1930களில் ஜெர்மனியில் வோல்டெமார் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ஹெர்பர்ட் ரைண்டல் என்ற இதய மருத்துவரும் சேர்ந்து ஒரு முறையை வகுத்தார்கள். வேகமாக ஓடி இதயத் துடிப்பை நிமிடத்துக்கு 180 வரை ஏற்றுவது, அது 120க்கு இறங்கியதும் அடுத்த ஓட்டம். ஒன்றரை நிமிடத்துக்குள் 120க்கு இறங்கவில்லை என்றால் ஓடிய வேகம் அதிகம் என்று அர்த்தம். கெர்ஷ்லரிடம் பயிற்சி பெற்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939 ஜூலையில் மிலான் நகரில் 800 மீட்டரை 1:46.6இல் ஓடினார். அந்த உலக சாதனை 1955 வரை நின்றது. அதற்குப் பிறகு செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாடோபெக் 400 மீட்டர்களை அடுக்கிக்கொண்டே போய், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5000, 10,000, மாரத்தான் மூன்றிலும் தங்கம் வாங்கினார். நம் மைதானங்களில் 400 வேரூன்றியதற்கு அந்தக் காலத்துப் புகழும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் ஸாடோபெக் 400களுக்கு இடையில் நிற்கவில்லை. 200 மீட்டர் ஜாகிங் செய்துகொண்டே அடுத்ததற்குப் போனார். அந்த ஒரு விவரத்தில்தான் விஷயமே இருக்கிறது.

ஏனென்று பார்ப்போம். நின்ற நிலையிலிருந்து வேகமாக ஓடத் தொடங்கினால், ஆக்சிஜன் பயன்பாடு உடனே உச்சத்துக்குப் போய்விடாது. ஏற ஒன்றரை நிமிடம், சில சமயம் இரண்டு நிமிடம் ஆகும். நம் மாணவர் 400ஐ 76 நொடியில் ஓடுகிறார் என்றால், உச்சத்தை நெருங்கும் நேரத்தில் சுற்று முடிந்துவிடுகிறது. அப்புறம் இரண்டு மூன்று நிமிடம் நிற்கிறார், எல்லாம் கீழே இறங்கிவிடுகிறது. மறுபடி ஏறத் தொடங்கினால் மறுபடி முடிந்துவிடுகிறது. பத்து முறை ஓடியும், இதயமும் நுரையீரலும் உச்ச வேலை செய்த நேரம் கொஞ்சம்தான். கால் எரிந்திருக்கும், களைப்பு வந்திருக்கும், கடினமான பயிற்சி செய்த திருப்தியும் இருக்கும். ஆனால் 5000 மீட்டருக்கு வேண்டியது சரியாகக் கிடைத்திருக்காது. இடையில் இருக்கும் ஓய்வை 45 நொடி ஜாகிங்காகக் குறைத்து, வேகத்தை 79, 80 நொடிக்கு இறக்கினால், அதே 400 வேறு பயிற்சியாக மாறிவிடும். முதல் இரண்டு மூன்று சுற்றுக்குப் பிறகு ஆக்சிஜன் பயன்பாடு மேலேயே நிற்கும்.

சரி, இப்போது ஒவ்வொன்றாக.

நீண்ட இன்டர்வெல்லுக்கு அதிக ஆதாரம் நார்வேயிலிருந்து வந்தது. 2007இல் யான் ஹெல்கெரூட் குழு ட்ரோண்ட்ஹைமில் 40 இளைஞர்களை நான்கு குழுவாகப் பிரித்து, வாரம் மூன்று நாள் வீதம் எட்டு வாரம் ஓட வைத்தது. ஒரு குழு மெதுவான நீண்ட ஓட்டம், ஒரு குழு த்ரெஷோல்ட் வேகம், ஒரு குழு 15 நொடி வேகம் 15 நொடி மெதுவாக, இன்னொரு குழு நான்கு முறை நான்கு நிமிடம். நான்கு நிமிடத் துண்டுகளில் இதயத் துடிப்பு உச்சத்தின் 90 முதல் 95 சதவீதம், நடுவே மூன்று நிமிடம் ஜாகிங். மொத்த உழைப்பு எல்லோருக்கும் ஒரே அளவாக வரும்படி கணக்கிட்டிருந்தார்கள். வி.ஓ.2 மேக்ஸ் நான்கு நிமிடக் குழுவுக்கு 7.2 சதவீதமும், 15 நொடிக் குழுவுக்கு 5.5 சதவீதமும் கூடியது. மற்ற இரு குழுக்களிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இன்டர்வெல் செய்தவர்களின் இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு சுமார் 10 சதவீதம் கூடியிருந்தது. கெர்ஷ்லரும் ரைண்டலும் இதயத்தைத்தான் குறிவைத்தார்கள். 70 ஆண்டு கழித்து அளந்தபோதும் அங்கேதான் மாற்றம் தெரிந்தது.

அதற்கு முன்பே, 2001இல், அதே ஹெல்கெரூட் இளம் நார்வே கால்பந்து வீரர்களிடம் இந்த நான்கு நிமிடப் பயிற்சியைச் சோதித்திருந்தார். வாரம் இரண்டு முறை, எட்டு வாரம். வி.ஓ.2 மேக்ஸ் (உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற கணக்கில்) 58.1இலிருந்து 64.3 ஆனது. போட்டியில் அவர்கள் ஓடிய தூரம் 20 சதவீதம் கூடியது. ஸ்பிரிண்ட்களின் எண்ணிக்கை இரட்டிப்பானது. ஆனால் ஸ்பிரிண்ட் வேகமோ, குதிக்கும் உயரமோ மாறவில்லை. எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். இன்டர்வெல் எதைத் தரும், எதைத் தராது என்று ஒரே இடத்தில் தெரிகிறது. கால் வேகம் இல்லாதவர் இதைச் செய்து வேகக்காரர் ஆக மாட்டார். தன்னிடம் இருக்கும் வேகத்தை ஆட்டத்தின் கடைசி வரை கொண்டுபோவார், அவ்வளவுதான்.

நம் மாணவருக்கு இதை மைதானத்தில் எப்படிக் கொண்டுவருவது? ஐந்து முறை 1000 மீட்டர், ஒவ்வொன்றும் 3:15 முதல் 3:20க்குள், நடுவே இரண்டரை நிமிடம் மெதுவான ஜாகிங். 1000 என்றால் இரண்டரைச் சுற்று. சுற்றுக்கு 78 முதல் 80 நொடி. முதல் 1000இன் முதல் சுற்று சும்மா போவது போலத் தோன்றும். இங்கேதான் பெரும்பாலானவர்கள் கெடுத்துக்கொள்கிறார்கள். கால் புதிதாக இருக்கிறது, பக்கத்தில் இன்னொருவர் ஓடுகிறார், முதல் சுற்று 72 வந்துவிடுகிறது. முதல் 1000 3:04இல் முடியும். இரண்டாவது 3:14. மூன்றாவது 3:25. ஐந்தாவது 3:38, கடைசி 200 மீட்டரில் தோள் காதுவரை ஏறி, தலை பின்னால் சாய்ந்து, கால் தரையில் தேய்ந்துகொண்டு. அந்த ஐந்தையும் கூட்டிப் பார்த்தால் சராசரி 3:20க்குப் பக்கத்தில்தான் இருக்கும், நோட்டில் எழுதினால் நன்றாகத்தான் தெரியும். ஆனால் முதல் துண்டிலேயே லாக்டேட்டை (கடினமாக உழைக்கும்போது ரத்தத்தில் சேரும் பொருள்) ஏற்றிக்கொண்டு, பின்னால் ஓடியது எல்லாம் பிழைத்திருக்கும் போராட்டம். சரியாகச் செய்தவருக்கு முதலாவது 3:19, கடைசியானது 3:16 என்று வரும். முடித்ததும், இன்னும் ஒன்று ஓடச் சொன்னால் ஓடுவேன், இரண்டு முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். ஸ்டாப்வாட்ச் பிடிக்கும் பயிற்சியாளர் முதல் 200 மீட்டரிலேயே சத்தம் போட்டு வேகத்தை இறக்கினால், பாதி வேலை முடிந்தது.

நீண்ட இன்டர்வெல்லுக்குள்ளேயே ஒரு கேள்வி இருக்கிறது: நான்கு நிமிடமா, இன்னும் நீளமா? ஸ்டீஃபன் செய்லர் என்ற ஆய்வாளர் 2013இல் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் நான்கு முறை 4 நிமிடம், நான்கு முறை 8 நிமிடம், நான்கு முறை 16 நிமிடம் என்று ஒப்பிட்டார். அதிக முன்னேற்றம் நடுவில் உள்ள 8 நிமிடத்துக்கு. இதயத் துடிப்பு உச்சத்தின் 90 சதவீதத்தை ஒட்டி, மொத்தம் 32 நிமிடம். கொஞ்சம் வேகத்தைக் குறைத்து நேரத்தை நீட்டினால் பலன் கூடியது. சைக்கிளில் கால் தரையில் மோதுவதில்லை, அதனால் 32 நிமிடம் தாங்குகிறது. ஓட்டத்தில் அந்த வேகத்தில் 15 முதல் 20 நிமிடம் போதும் என்பது என் கணிப்பு. ஆனாலும், வேகத்தைக் கூட்டுவதைவிட நேரத்தைக் கூட்டுவது பல சமயம் லாபம் என்பது ஓடுபவருக்கும் பொருந்தும்.

குட்டி இன்டர்வெல் இதற்கு நேரடிப் போட்டி. 30 நொடி வேகம், 15 நொடி மெதுவாக. 15 நொடியில் ஆக்சிஜன் பயன்பாடு இறங்குவதற்குள் அடுத்த 30 வந்துவிடுகிறது, ஆகவே இதயம் மேலேயே நிற்கிறது. தசைகளுக்கோ அந்தக் குட்டி இடைவெளியில் கொஞ்சம் மூச்சு கிடைக்கிறது. தசைக்குள் சேமிப்பில் இருக்கும் ஆக்சிஜன் ஓரளவு நிரம்பிவிடுகிறது. அதனால் நீண்ட துண்டில் தாங்க முடியாத வேகத்தை இங்கே தாங்கலாம். 1960இலேயே ஸ்வீடனில் ஓஸ்ட்ராண்ட் குழு இதைக் கவனித்திருக்கிறது. பிரான்ஸின் வெரோனிக் பியா 30 நொடிக்கு 30 நொடி என்ற வடிவத்தை ஓட்டக்காரர்களிடையே பரப்பினார். பென்ட் ரொன்னெஸ்டாட் 2015இல் பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களிடம் 30க்கு 15 வடிவத்தையும் நான்கு முறை 5 நிமிடத்தையும் பத்து வாரம் ஒப்பிட்டார். குட்டித் துண்டுகள் 13 சேர்ந்து ஒரு செட், அப்படி மூன்று செட், நடுவே மூன்று நிமிடம். குட்டி வகைக்கு வி.ஓ.2 மேக்ஸ் 8.7 சதவீதம் கூடியது, நீண்ட வகைக்கு 2.6 சதவீதம். சிறிய குழுதான். ஆனால் ஏற்கெனவே நன்றாகப் பயிற்சி பெற்றவர்களிடம் வந்த முடிவு என்பதால் ஒதுக்கிவிட முடியாது.

அப்படியானால் குட்டி வகையே போதுமே என்று கேட்கலாம். சைக்கிளில் அது எளிது. டிராக்கில் 30 நொடி என்றால் நம் மாணவருக்கு சுமார் 155 மீட்டர், பிறகு 15 நொடி ஜாகிங், மறுபடி வேகம். ஒரு செட்டில் 13 முறை வேகமெடுக்க வேண்டும், மூன்று செட்டில் 39 முறை. ஒவ்வொரு முறை வேகமெடுக்கும்போதும் கெண்டைக்காலும் குதிகால் தசைநாணும் வாங்கும் அடி சும்மா இல்லை. ஷின் பெயின் வரும் ஆட்களுக்கு மூன்றாவது வாரத்தில் அது திரும்பும். இன்னொன்று, 5000 மீட்டர் போட்டியில் 15 நொடி ஓய்வு யாரும் கொடுக்க மாட்டார்கள். 3000 மீட்டர் தாண்டியதும் வேகம் குறையாமல் பிடித்து நிற்கும் பொறுமையை 1000 மீட்டர் துண்டுதான் கற்றுக்கொடுக்கிறது. வேகத்தைத் தன் உணர்வாலேயே அளந்து ஓடும் பழக்கமும் அதில்தான் வரும். இந்த இரண்டுக்காக நீண்ட வகையை முதலில் வைக்கிறேன். குட்டி வகைக்கு ஒரு செட், அதிகபட்சம் இரண்டு, புல்தரையில், பருவத்தின் நடுவில் இடம் கொடுப்பேன்.

முழு வேக ஸ்பிரிண்ட் வகைதான் இணையத்தில் அதிகம் பேசப்படுவது. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலா குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், சைக்கிளில் 30 நொடி முழு வேகம், நான்கு நிமிட ஓய்வு, இப்படி நான்கு முதல் ஏழு முறை. இரண்டு வாரத்தில் ஆறு அமர்வு. குறிப்பிட்ட கடினத்தில் களைத்துப்போகும் வரை தாங்கும் நேரம் 26 நிமிடத்திலிருந்து 51 நிமிடம் ஆனது. கேட்க அதிசயம்தான். ஆனால் அந்த ஆய்வில் அவர்களுடைய ஆக்சிஜன் உச்சவரம்பு மாறவில்லை. பலன் தசைக்குள் நடந்த மாற்றத்தால் வந்தது. பங்கேற்றவர்களும் உடற்பயிற்சிப் பழக்கமுள்ள சாதாரண ஆட்கள். வாரத்துக்கு 70 கிலோமீட்டர் ஓடுகிற ஒருவருக்கு அந்த மாற்றம் பெரும்பாலும் ஏற்கெனவே நடந்திருக்கும். டபாட்டா என்ற வகையும் அப்படித்தான். 1996இல் இசுமி டபாட்டா குழு சோதித்தது 20 நொடி வேலை, 10 நொடி ஓய்வு, ஏழெட்டு முறை, வி.ஓ.2 மேக்ஸ் அளவின் 170 சதவீதக் கடினத்தில். ஆறு வாரத்தில் காற்றில்லாச் சக்தி, அதாவது ஆக்சிஜன் இல்லாமல் உருவாகும் சக்தி, 28 சதவீதம் கூடியது. உண்மையான டபாட்டா செய்தவர் முடித்ததும் தரையில் கிடப்பார். ஜிம்மில் அந்தப் பெயரில் நடக்கிற பல வகுப்புகளுக்கு அந்தக் கடினம் கிடையாது. 5000 மீட்டர்காரருக்கு இந்த வகை முக்கியமில்லை. தட்டையான டிராக்கில் 30 நொடி முழு வேகம் ஓடினால் தொடையின் பின்தசை கிழியும் ஆபத்தும் இருக்கிறது. ஸ்பிரிண்ட் வேண்டும் என்றால் மேட்டில் எட்டுப் பத்து நொடி ஓடி, நடந்து இறங்கி, ஆறு முறை செய்தால் போதும்; கால் வலுவும் ஓட்டச் சிக்கனமும் கிடைக்கும்.

த்ரெஷோல்ட் இன்டர்வெல் இதற்கு நேர் எதிர்த் திசை. இதில் யாரும் வாந்தி எடுப்பதில்லை, அதனாலேயே நம்மிடம் மதிப்புக் குறைவு. ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய வேகத்தில் ஆறு முதல் பத்து நிமிடத் துண்டுகள், நடுவே ஒரு நிமிடம் மட்டும் ஜாகிங். நம் மாணவருக்குக் கிலோமீட்டருக்கு 3:35 முதல் 3:40. நான்கு முறை 2000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஓடும்போது சின்னச் சின்ன வாக்கியம் பேச முடிய வேண்டும். இன்றைய நார்வே ஓட்டக்காரர்களின் அடித்தளம் இதுதான். மாரியஸ் பக்கன் வளர்த்தெடுத்த முறை; காதிலோ விரலிலோ ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் அளந்து, வேகம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்வார்கள். ஒரே நாளில் காலையும் மாலையும் இரண்டு முறை செய்வார்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் தங்கமும் பாரிஸ் ஒலிம்பிக்கில் 5000 மீட்டர் தங்கமும் வாங்கிய யாக்கோப் இங்கெப்ரிக்சன் இந்த வழியில் வந்தவர். அந்த இரட்டை அமர்வை நம் கல்லூரி மாணவர் அப்படியே எடுக்கக் கூடாது. அவர்களுக்குப் பல ஆண்டு அடித்தளமும், பகல் முழுக்க ஓய்வும், ரத்தம் சோதிக்க ஆளும் இருக்கிறது. ஆனால் வாரம் ஒரு நாள் த்ரெஷோல்ட் என்பது எல்லோருக்கும் கட்டுப்படியாகும். ஹெல்கெரூட் ஆய்வில் த்ரெஷோல்ட் குழுவுக்கு வி.ஓ.2 மேக்ஸ் ஏறவில்லையே என்று கேட்டால், ஆம், இது குறிவைப்பது உச்சவரம்பை இல்லை. அந்த உச்சத்தில் எவ்வளவைத் தாங்கலாம் என்பதைத்தான் இது வளர்க்கிறது. 3000 வரை கூட்டத்தோடு இருந்து, அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பின்தங்குபவருக்கு இதுதான் மருந்து.

கடைசி வழி, இன்டர்வெல்லே இல்லாமல் தூரத்தைக் கூட்டுவது. நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்ட் வாரம் 100 மைல் ஓடவைத்து, 1960 ரோம் ஒலிம்பிக்கில் பீட்டர் ஸ்னெல்லுக்கு 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க்குக்கு 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கிக்கொடுத்தார். அதைக் காட்டி இன்டர்வெல் தேவையில்லை என்பவர்கள் உண்டு. ஆனால் லிடியார்ட் தூரத்தோடு நிறுத்தவில்லை. அடித்தளம் போட்ட பிறகு மேட்டு ஓட்டம், அதன் பின் டிராக்கில் இன்டர்வெல் என்று வரிசை வைத்திருந்தார். வாரம் 30 கிலோமீட்டர்கூட ஓடாத ஒருவர் என்னிடம் எந்த இன்டர்வெல் நல்லது என்று கேட்டால், முதலில் மூன்று மாதம் நிதானமாக ஓடித் தூரத்தை ஏற்றச் சொல்வேன். அவருக்கு எந்த இன்டர்வெல்லும் பலன் தரும்தான், ஆனால் காயமும் சீக்கிரம் வரும்.

என் தேர்வு இது. முதல் நான்கு வாரம்: ஒரு நாள் த்ரெஷோல்ட், இன்னொரு நாள் 1000 மீட்டர் துண்டுகள், நான்கில் தொடங்கி ஐந்துக்கு. வேகம் 3:20. அடுத்த நான்கு வாரம்: 1000 துண்டுகள் 3:15க்கு, த்ரெஷோல்ட் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், விட்ட வாரத்தில் புல்தரையில் 30க்கு 15 ஒரு செட் அல்லது இரண்டு. அந்த 400ஐ விட மனமில்லாதவர்கள் இந்தக் கட்டத்தில் பன்னிரண்டு முறை 400, 78 நொடியில், 45 நொடி ஜாகிங்கோடு ஓடலாம்; போட்டி வேகம் காலுக்குப் பழகும். மற்ற நாள்களில் கிலோமீட்டருக்கு 4:45, 5:00 என்று உண்மையாகவே மெதுவாக ஓட வேண்டும். நிதான நாளில் நண்பர்களோடு போட்டி போட்டு 4:10இல் ஓடிவிட்டு, செவ்வாய்க்கிழமை 1000 வரவில்லை என்றால் அதற்கு இன்டர்வெல் பொறுப்பில்லை. உலகத்தர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளைச் சேகரித்துப் பார்த்த செய்லர் கண்டது, சுமார் 80 சதவீத அமர்வுகள் எளிதானவை என்பதே.

இது 5000க்கான கணக்கு. 800 மீட்டர்காரருக்குக் காற்றில்லாச் சக்தியின் பங்கு அதிகம். 200, 300 மீட்டர்களை வேகமாக ஓடி நான்கைந்து நிமிடம் நன்றாக ஓய்வெடுப்பது அவருக்கு அவசியம். கபடியில் ஒரு ரெய்டு 30 நொடி, அதற்குள் நாலைந்து வெடிப்பான அசைவு, பிறகு காத்திருப்பு. அவர்களுக்கு நேர்கோட்டில் 400 ஓடுவதால் பெரிய பயனில்லை. ஐந்தாறு நொடி திரும்பித் திரும்பி ஓடும் ஷட்டில், 20, 25 நொடி இடைவெளி, ஆறு முறை ஒரு செட் என்பது ஆட்டத்துக்கு நெருக்கமானது. ஸ்பிரிண்டுக்கான உடனடிச் சக்தி பாதியளவு திரும்பச் சுமார் அரை நிமிடம் பிடிக்கும். முழுக்க நிரம்பாமலே மறுபடி பாயப் பழகுவதுதான் ரெய்டருக்கு வேண்டியது. இடையில் வாரம் ஒரு முறை நான்கு நிமிடத் துண்டுகள் போட்டால், இரண்டாவது பாதியிலும் கால் இருக்கும்.

நம் ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். மேலே சொன்ன ஆய்வுகள் எல்லாம் குளிர் நாடுகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் நடந்தவை. சென்னையிலோ தூத்துக்குடியிலோ மே மாதம் மாலை ஐந்து மணிக்கு 1000 ஓடினால், அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு பத்துக்கு மேல் கூடும். ரத்தத்தில் ஒரு பங்கு தோலைக் குளிர்விக்கப் போய்விடுகிறது. அன்று துடிப்பைப் பார்த்து ஓடினால் வேகம் குறைவாக இருக்கும், வேகத்தைப் பார்த்து ஓடினால் உடம்பு உடையும். கடினமான இரண்டு நாளையும் காலை ஐந்தரைக்கு மாற்றுங்கள். முடியாதென்றால் வேகத்தில் கிலோமீட்டருக்கு ஐந்து முதல் எட்டு நொடி விட்டுக்கொடுத்து, உணர்வை வைத்து ஓடுங்கள். மணிக்கட்டுக் கடிகாரம் காட்டும் துடிப்பு 30 நொடித் துண்டுகளுக்கு உதவாது. அது பின்தங்கித்தான் காட்டும்.

எட்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் நேரம் அசையவில்லை, 1000இன் மூன்றாவது துண்டிலேயே மூச்சு போகிறது என்றால், பயிற்சியை மாற்றுவதற்கு முன் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்தான்; ஃபெரிட்டின் உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும். நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ஓடுகிற பெண் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனையை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்யாமல், சோம்பேறி என்று திட்டுவது பெரிய அநியாயம்.

உடம்பு ஓய்வு கேட்பதையும் மதிக்க வேண்டும். ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் முதலில் ஓடி முடித்த ரோஜர் பேனிஸ்டர், 1954இல் பத்து முறை கால் மைல், இரண்டு நிமிட இடைவெளியில் ஓடிவந்தார். 66 நொடியிலிருந்து 61 வரை வந்தது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. பயிற்சியை விட்டுவிட்டு சில நாள் ஸ்காட்லாந்துக்கு மலையேறப் போனார். திரும்பி வந்து ஓடியபோது 59. மே 6ஆம் தேதி ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு மைலை 3:59.4இல் ஓடி முடித்தார். ஆகவே, இரண்டு அமர்வுகள் தொடர்ந்து நேரம் கெட்டால் மூன்றாவதை ரத்து செய்யுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு துண்டுக்கு முந்தையதைவிட ஐந்து நொடிக்கு மேல் கூடுதலாக ஆனால், அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிட்டு ஜாகிங்கில் முடியுங்கள்.

போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம், அதாவது ஒன்பதாவதும் பத்தாவதும், தூரத்தைப் பாதியளவு குறைத்து வேகத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். பயந்துபோய் கடைசி வாரம் 400களை அள்ளிப் போடுபவர்கள் களைத்த காலோடு கோட்டில் வந்து நிற்கிறார்கள். பத்து நாள் இருக்கும்போது மூன்று முறை 1000, 3:15க்கு. நாலு நாள் இருக்கும்போது நான்கு முறை 400, 78 நொடியில், நிதானமான இடைவெளியோடு. போட்டிக்கு முந்தைய நாள் 20 நிமிடம் ஜாகிங், கடைசியில் 80 மீட்டர் நான்கு முறை இலகுவாக.